மொட்டைமாடி இருவருக்கும் பொது

மாடி வீட்டைப் பார்க்க வந்தவரா? என் வீட்டு மணியை அடித்துவிட்டீர்கள். பரவாயில்லை, எல்லாரும் இதைத்தான் அடிக்கிறார்கள். மேலே போகிற படி வெளியே, பக்கவாட்டில் இருக்கிறது. ஆனால் இப்போது போகாதீர்கள். குழாய்ச் சத்தம் கேட்கிறதே, குளிக்கப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிற நாள். சீயக்காய் போட்டு அலசி முடிக்க நேரமாகும். உள்ளே வாருங்கள். உட்காருங்கள்.

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் வீடு, அவள் விற்கிறாள், நீங்கள் வாங்குகிறீர்கள். நடுவில் நான் யார்? அவள் என் ஓரகத்தி. நீலாயதாட்சி என்று பேர், நாகப்பட்டினத்துப் பெண். என் பேர் அபயாம்பாள். எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. கீழ்வீடு அண்ணனுக்கு, மேல்வீடு தம்பிக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பேருமே இல்லை. நாங்கள் இருக்கிறோம், அவள் மேலே, நான் கீழே. பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேல்வீட்டை வாங்கினால் மொட்டைமாடி முழுசும் உங்களுக்கு என்று தரகர் சொல்லியிருப்பார். சொன்னாரா? நினைத்தேன். அது பொய். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'மொட்டைமாடி இருவருக்கும் பொது' என்று ஒரு வரி இருக்கிறது. பத்திரம் எழுதினவர் அதை விட்டுவிட்டார். நான் சார்பதிவாளர் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள், விடுவேனா? பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். நாளைக்கு நீங்கள் மேலே கொட்டகை போடுகிறேன், பூந்தொட்டி வைக்கிறேன் என்று ஆரம்பித்தால் நான் வந்து நிற்பேன். இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மாடி எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கும். யார் கை என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கைதான். அறுபத்தெட்டு வயது. ஆள் வைப்பதில்லை. ஆள் வைத்தால் நடுவில் பெருக்கிவிட்டு ஓரத்தை விட்டுவிடுவான். மாடிக்கு ஓரம்தான் உயிர். புரட்டாசி பிறந்ததும் முதல் வேலை அதுதான் எனக்கு. அடுத்த வீட்டு வேம்பு வருஷம் முழுக்கக் கொட்டுகிற சருகை அள்ளணும். தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயில் கையை விட்டுச் சகதியை வழிக்கணும். பாசியைத் தேங்காய் நாரால் தேய்க்கணும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதை இலையோடு பிய்த்தால் போதாது, வேரோடு வரணும். அப்புறம் ஒரு கட்டையால் தளத்தில் பதித்த தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவேன். பிடிப்பு இருக்கிற ஓடு 'டக்' என்று வாயை மூடிக்கொள்ளும். பிடிப்பு விட்ட ஓடு காலிப் பானை மாதிரிப் பதில் சொல்லும். அதைப் பெயர்த்து மறுபடி பதிக்கணும். நாலு நாள் வேலை.

கீழ்வீட்டுக்காரிக்கு இது எதற்கு என்று கேட்கப் போகிறீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. மாடியில் தண்ணீர் நின்றால் முதலில் அவள் கூரை ஊறும், அப்புறம் சுவர் வழியாக இறங்கி என் சுவர் ஊறும். என் சுவருக்காகச் செய்கிறேன். அவ்வளவுதான்.

அவள் உதவியா? நல்லா கேட்டீர்கள். உபத்திரவம்தான். அவள் வாசலைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்குப் போகணும். நான் துடைப்பத்தோடு போகிற நாளில், சொல்லி வைத்த மாதிரி, படித் திருப்பத்தில் ஒரு பக்கெட் நிறையத் தண்ணீரை வைத்திருப்பாள். வழியை அடைத்துக்கொண்டு! கால் இடறி விழட்டும் என்றுதானே? நான் விடுவேனா. அந்தப் பக்கெட்டையே தூக்கிக்கொண்டு போய் மாடியைக் கழுவிவிட்டு, காலிப் பக்கெட்டை அங்கேயே வைத்துவிடுவேன். வேணும் அவளுக்கு. அரை மணி கழித்துப் பார்த்தால் மறுபடி நிரப்பி வைத்திருப்பாள். அவ்வளவு பிடிவாதம்.

பதினொரு மணி வாக்கில் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு சொம்பு மோர் இருக்கும். காக்காய்க்கு வைக்கிறாளாம். காக்காய்க்கு யாராவது பெருங்காயமும் இஞ்சியும் தட்டிப் போட்டு மோர் வைப்பார்களா சார்? இப்படித்தான், ஒன்றும் யோசிக்காமல் செய்கிறவள். வெயிலில் வீணாகப் போகிறதே என்று நான் குடித்துவிடுவேன்.

சண்டை எதனால் என்றால், தண்ணீர்த் தொட்டியால். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆபீசிலிருந்து வருகிறேன், மாடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. யானைக்குட்டி மாதிரி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொது மாடி! நான் ரொம்பவெல்லாம் பேசவில்லை சார். ஒரே ஒரு வாக்கியம். "இது என்ன உங்கப்பா வீட்டு மாடியா?" என்றேன். இதில் என்ன தப்பு? அவள் அப்பா வீட்டு மாடி இல்லைதானே? அவள் அப்பா செத்து அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை, அது வாஸ்தவம். எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்திருந்தால் தாத்தா வீட்டு மாடி என்று கேட்டிருப்பேன்.

அன்றைக்கு வாயை மூடினவள்தான். நானும் மூடிக்கொண்டேன். நடுவில் அவள் வீட்டுக்காரர் போனார், மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் போனார். இரண்டு தடவையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அழுகிறது பேச்சில் சேராது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவரவர் கதவு.

போன வருஷம் கதையைக் கேளுங்கள். நீங்கள் வாங்கப் போகிறவர், தெரிந்திருக்கணும்.

ஆவணியில் நீலா படியில் நின்று பையனிடம் போனில் பேசுகிறாள். பையன் ஓசூரில் இருக்கிறான். "படுக்கற ரூம்ல மேல ஈரம் பூத்திருக்குடா"ங்கிறாள். எனக்குக் கேட்கட்டும் என்று உரக்கத்தான் பேசுகிறாள். அவன் என்ன சொன்னான் என்று நமக்குக் கேட்காது. இவள் சொல்கிறாள், "தீபாவளிக்குள்ள நிக்கலேன்னா நீ சொல்ற மாதிரியே வித்துடலாம்". எனக்கு எப்படி இருக்கும்? நான் கழுவுகிற மாடி ஒழுகுகிறது என்று ஊருக்குத் தம்பட்டம் அடிக்கிறாள்! கொத்தனார் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, எல்லாத் தட்டோடுகளையும் உடைத்து எடுக்கணும் என்று சொல்லிப் போனார். உடைக்கிறதாவது. எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால் ஏழெட்டு ஓட்டோடு போயிற்று.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. குழாய் வாயைத் துணி வைத்து இறுக அடைத்துவிட்டு மாடியில் தண்ணீர் கட்டணும். நாலு விரல்கடை உயரம். இரண்டு நாள் விட்டால் கீழே எங்கே வியர்க்கிறதோ அங்கேதான் ஓட்டை. என் வீட்டுக்காரருடைய பழைய வேட்டியை உருட்டி அடைத்துத் தண்ணீர் கட்டினேன். புரட்டாசி வெயிலில் மாடி பூராவும் குளம் மாதிரி மினுங்கிற்று. வேம்பிலிருந்த குருவியெல்லாம் குளிக்க இறங்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்படி ஒரு அழகு.

இரண்டாம் நாள் காலையில் தண்ணீரில் காலை வைத்து மெதுவாக நடக்கிறேன். காலுக்கு அடியில் 'டக் டக் டக்'. கீழேயிருந்து இடிக்கிறாள். ஒட்டடைக்கம்பு. எனக்குச் சுருக்கென்றது. என் தலை மேல் நடக்காதே என்கிறாள்! நான் என்ன ஆசைக்கா நடக்கிறேன்? இரண்டு அடி தள்ளிப் போனேன். மறுபடி பழைய இடத்திலேயே 'டக் டக் டக்'. முன்னைவிடப் பலமாக. எனக்குக் கை பரபரத்தது. ஓடு தட்டுகிற கட்டை சுவர் ஓரமாக இருந்தது. எடுத்தேன், அதே இடத்தில் ஒரு போடு போட்டேன். அவள் மூன்று போட்டால் நான் நாலு. அவள் நாலு போட்டால் நான் ஆறு. கால் மணி நேரம் இதே வேலை. தெருவில் போகிற காய்கறிக்காரர் நின்று மேலே பார்க்கிறார்.

கடைசிச் சுற்றில், என் ஏழாவது போட்டில் ஓடு பிளந்தது. சொம்பைக் கவிழ்த்த மாதிரிக் 'களக் களக்' என்று ஒரு சத்தம். என் கண் முன்னால் நாலு விரல் தண்ணீர் மூன்று விரல் ஆயிற்று. கீழே இடி நின்றுவிட்டது.

மேலே வந்தாள் சார். ஒரு தலையணையைக் காதைப் பிடித்துத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். சொட்டச் சொட்ட. என் எதிரில் நின்று பிழிந்தாள். என்னிடம் பேசவில்லை. பேச மாட்டாளே. தலையணையிடம் பேசினாள்.

"தலையணையே, இங்கதான் ஒழுகுது, இங்கதான் ஒழுகுதுன்னு கை வலிக்கத் தட்டிக் காமிச்சோமே. மேல இருக்கிறவங்களுக்குக் காது இருந்துதா பாத்தியா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? துடைப்பத்தைப் பார்த்தேன்.

"தொடப்பமே, இடம் காட்றவங்க பதமாத் தட்டுவாங்க. இது சண்டைக்குக் கூப்பிடற தட்டு."

"தலையணையே, பதமாத் தட்டினா அத்தனை தண்ணிக்கு மேல கேக்குமான்னு கேளு."

அது நியாயம்தான். ஆனால் துடைப்பத்திடம் நான் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் வேலை நடந்தது. வேட்டியை உருவித் தண்ணீரை இறக்கினோம். பிளந்த ஓட்டைச் சுற்றி எட்டு ஓடு பெயர்த்தோம். அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த விரிசலுக்குள் வெள்ளை நூல் மாதிரி அரசமரத்து வேர், நாலு முழத்துக்கு ஓடியிருந்தது. பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். எங்கே போய் நின்றது என்கிறீர்கள்? அந்தக் கறுப்புத் தொட்டிக்கு அடியில். என் துடைப்பம் போக முடியாத ஒரே இடம் அதுதான். பதினொரு வருஷத்து வழக்கு அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிட்டது சார், எனக்குச் சாதகமாக. வாயெடுத்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, ஈரத் தலையணையை வெயிலில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகு இப்போதெல்லாம் கொஞ்சம் வளைந்துவிட்டது. சரி, துடைப்பத்துக்கு இது தெரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஹார்டுவேர் கடையில் சிமெண்டில் கலக்க வெள்ளையாகப் பால் மாதிரி ஒன்று விற்கிறான். அதை வாங்கி வந்து குழைத்தேன். அவள் கரண்டி கரண்டியாக எடுத்துக் கொடுத்தாள், கரண்டியிடம் பேசிக்கொண்டே. "கரண்டியே, இன்னும் கொஞ்சம் தளர இருக்கணும், இட்லி மாவு பதம் போதாது, தோசை மாவா இருக்கணும்." நான் சட்டியிடம் சொன்னேன், "சட்டியே, முப்பத்தஞ்சு வருஷமா நான் மாவு கரைக்கிறேன்." "கரண்டியே, அந்த தோசையைத் தின்னவங்க நாங்கதான், எங்களுக்குத் தெரியும்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. சட்டிக்குள் குனிந்துகொண்டேன்.

பூசின இடம் காயாமல் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் வைக்கணும். காலையில் நான் நனைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் நனைந்திருக்கும். சாயங்காலம் நான் போவதற்குள் நனைந்திருக்கும். யார் எப்போது என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சாக்கு ஒரு மணி நேரம்கூடக் காய்ந்ததில்லை.

குழாய் நின்றுவிட்டதே என்று பார்க்கிறீர்களா? நின்று நேரமாயிற்று. குளித்துவிட்டாள். படித் திருப்பத்தில் நிற்கிறாள் இப்போது, சீயக்காய் வாசனை வருகிறதே. நிற்கட்டும். கேட்கட்டும். நான் உங்களிடம்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உரக்கப் பேசுவது என் சுபாவம்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு பகல் முழுக்கக் கொட்டிற்று. நான் இதே இடத்தில் உட்கார்ந்து மேலே காதை வைத்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கார்த்திகை போயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை சார். அப்படிப் பூசியிருக்கிறோம். ஒழுகியிருந்தால் மேலே போயிருக்கலாம், நாலு ஓடு பெயர்த்திருக்கலாம், சட்டியும் கரண்டியும் வந்திருக்கும். ஒழுகாத வீட்டில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

சரி, ஒழுகல்தான் நின்றுவிட்டதே, இனி விற்க மாட்டாள் என்று இருந்தேன். தை பிறந்ததும் தரகர் வந்து நிற்கிறார். பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை? மாடி சரியான பிறகு விற்றால் நல்ல விலை போகும். என் கைவேலையைக் காட்டி விற்கிறார்கள், தாயும் பிள்ளையும். நீங்கள் நாலாவது ஆள். இதற்கு முன்னால் வந்த மூன்று பேரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பூரான் வரும் என்றேன். வரும்தானே? கோடையில் மேல்வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும் என்றேன். எல்லா ஊர் மேல்வீடும்தான் கொதிக்கிறது. அவர்களாகவே போய்விட்டார்கள். பழி என் மேல்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, இப்போது ஏதோ சொன்னீர்களே. பையன் போனில் உங்களிடம் சொன்னானா? மறுபடி சொல்லுங்கள். விலைக்காக இல்லையாமா? "அம்மா அங்க தனியா இருக்காங்க, ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல, ராத்திரி விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது" என்றானா?

தனியாகவா?

நான் கீழே இருக்கிறேனே சார்.

விழுந்தால் தெரியாதா? அவள் இருமினால் இன்றைக்கு எத்தனை தடவை இருமினாள் என்று நான் சொல்வேன். காலையில் அவள் கட்டிலிலிருந்து காலை ஊன்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் பால் காய்ச்சுவேன். ஒரு நாள் ஆறு மணிக்குக் கேட்கவில்லை, ஆறரைக்கும் கேட்கவில்லை. நான் பாதிப் படி ஏறிவிட்டேன். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது, இறங்கி வந்துவிட்டேன். அவள் முழங்கால் வலி எந்தக் காலில் என்று அவள் பையனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இடது. படியில் கேட்டாலே தெரியும். ஒரு வார்த்தை பேச ஆள் இல்லையாமா.

அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?

ஆமாம். மேலே இருக்கிறவளுக்குக் கீழே நடப்பது கேட்காது. கீழே இருக்கிறவளுக்குத்தான் மேலே நடப்பது கேட்கும்.

கொஞ்சம் இருங்கள் சார். நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். நானும் இனி உங்களிடம் பேசவில்லை.

"நீலா!"

"நீலா, உன்னைத்தான். படியில நிக்கறது தெரியும். ஈரத் தலையோட காத்துல நிக்காதே, உனக்கு ஆகாது."

"தலை காஞ்சு கால் மணி ஆச்சுக்கா. நீங்கதான் நிறுத்தவே இல்லியே."

கேட்டீர்களா? வாய் மட்டும் குறையவே இல்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி வருகிற குரல் இது.

"நீலா, நீ போயிட்டா நான் யாருக்காகடி அத்தனை படி ஏறணும்?"



ஸ்... இருங்கள். செருப்பு. முதலில் இடது, அப்புறம் வலது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஏறுகிற சத்தம் வேறு, இது வேறு. இது இறங்குகிற சத்தம்.

எழுந்திருங்கள் சார். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும்.